கோளா, கோளாறா? ஒருநாள் புறக்கோள் கூட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி பெர்க்லி, ஸ்டான்ஃபோர்டு, சாண்டா குரூஸ் பல்கலைக்கழகங்கள், சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகம், நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம், வேற்றுலக அறிவுயிர்களைத் தேடும் சேட்டி (SETI) நிறுவனம், மலைமேல் லிக் வானாய்வகம் என்று எல்லாம் இருக்கின்றன. காலையில் கிளம்பினால் இவற்றில் எங்கு போனாலும் மாலையில் வீடு திரும்பிவிடலாம். வேறு விண்மீன்களின் கோள்களை ஆராய்கிறவர்கள் இங்கே அவ்வப்போது ஒரு நாள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். நான் அந்தக் கூட்டங்களை நடத்துகிறவன் அல்லன். பல ஆண்டுகளாகப் பின்வரிசையில் உட்கார்ந்து வருகிறவன். மேற்படிப்புக்குப் புதிதாக வந்திறங்கும் தமிழ் மாணவர்களும், ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரிக்கும் அவர்களுடைய பெற்றோரும், வார இறுதியில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மலையேறும் மென்பொருள் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

முதலில், புறக்கோள் என்றால் என்ன?

சூரியனைச் சுற்றாமல் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள். உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 2022 மார்ச்சில் 5,000ஐயும் 2025 செப்டம்பரில் 6,000ஐயும் தொட்டது. இவற்றில் நேரடியாகப் படம் பிடிக்கப்பட்டவை மிகச் சில. மற்றவற்றை, அந்தக் கோள் தன் விண்மீனுக்குக் கொடுக்கும் சின்னத் தொந்தரவை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். கோள் இழுப்பதால் விண்மீன் தள்ளாடும். கோள் குறுக்கே போனால் விண்மீனின் ஒளி சற்று மங்கும். தள்ளாட்டத்தை அளப்பது ஆரத் திசைவேக முறை. மங்கலை அளப்பது கடப்பு முறை. கூட்டத்தில் காலை முதல் மாலை வரை இந்த இரண்டு பெயர்களும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

தொந்தரவு எவ்வளவு சின்னது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வியாழன் நம் சூரியனை நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. பூமி அசைப்பது வெறும் 9 சென்டிமீட்டர், குழந்தை தவழும் வேகம்கூட இல்லை. தொலைவிலிருந்து பார்க்கும் ஒருவருக்குப் பூமி சூரியனுக்கு முன்னால் கடந்து போனால், ஒளி குறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆகவே இந்தத் துறையில் முக்கால்வாசிச் சண்டை “நீ பார்த்தது கோளா, கோளாறா?” என்பதுதான். கருவியின் கோளாறாக இருக்கலாம், விண்மீனின் புள்ளிகளாக இருக்கலாம், பின்னணியில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனாக இருக்கலாம். ஒருநாள் கூட்டத்தின் பயனே இந்தச் சண்டையை முகத்துக்கு நேரே, சீக்கிரமாக, அவமானமில்லாமல் போட்டு முடிப்பதுதான் என்பது என் கட்சி.

ஐந்து நாள் சர்வதேச மாநாடுகள் இருக்கும்போது ஒரு நாள் கூட்டம் எதற்கு?

பெரிய மாநாட்டில் முடிந்த வேலையைக் காட்டுகிறோம். சுருக்கத்தை மாதக்கணக்கில் முன்பே அனுப்ப வேண்டும், விமான டிக்கெட்டும் விடுதியும் பதிவுக் கட்டணமும் சேர்ந்தால் ஒரு மாணவரின் ஆண்டுப் பயணப் பணம் தீர்ந்துவிடும். அவ்வளவு செலவழித்துப் போய் “எனக்கு இது புரியவில்லை” என்று மேடையில் சொல்ல யாருக்கு மனம் வரும்?

பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கு அந்தச் சுமை இல்லை. நேற்று இரவு வரைந்த வரைபடத்தோடு வரலாம். ஆறு வாரத்துக்கு முன் தொடங்கிய வேலையைப் பற்றிப் பேசலாம். இன்னொன்றும் உண்டு. இந்தத் துறையில் யாரும் தனியாக ஒரு கோளைக் கண்டுபிடித்து முடிப்பதில்லை. ஒருவரிடம் கடப்புத் தரவு இருக்கும், இன்னொருவரிடம் தொலைநோக்கி நேரம் இருக்கும், மூன்றாமவர் விண்மீனின் வயதைக் கணக்கிடத் தெரிந்தவர். இந்த மூவரும் ஒரே மேசையில் சாப்பிடும் வாய்ப்பு பெரிய மாநாட்டின் கூட்டத்தில் கிடைப்பது அரிது.

இதற்கென்று இந்த விரிகுடாப் பகுதிக்கு என்ன விசேஷம்?

நிறைய இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

1995 அக்டோபர் 6. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் திதியே கெலோவும், சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றைச் சுற்றும் முதல் கோளை அறிவித்தார்கள். 51 பெகாசி பி. வியாழனில் பாதி நிறை, ஆனால் விண்மீனை 4.2 நாளில் சுற்றிவிடுகிறது. அப்படி ஒரு கோள் இருக்கும் என்று அன்று பெரும்பாலானோர் எதிர்பார்க்கவில்லை. இந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் 2019இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

செய்தி கேட்டதும் லிக் மலையில் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் அதே விண்மீனைப் பார்த்து, அந்த மாதமே உறுதிசெய்தார்கள். அவர்கள் 1987 முதலே லிக்கில் விண்மீன்களின் தள்ளாட்டத்தை அளந்துவந்தவர்கள். விண்மீனின் ஒளியை அயோடின் ஆவி நிரம்பிய கண்ணாடிக் குடுவை வழியாக அனுப்பி, அயோடினின் கோடுகளையே அளவுகோலாக வைத்து டாப்ளர் பெயர்ச்சியை, அதாவது விண்மீன் நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் ஒளியின் அலைநீளம் மாறுவதை, அளப்பது அவர்கள் முறை. ஆனால் சேர்த்துவைத்த தரவில் பெரும்பகுதியை அலசாமலே வைத்திருந்தார்கள். அன்றைய கணினிகளுக்கு அது பெரும் பாரம். வியாழன் போன்ற கோள் சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகும் என்பதால் அவசரமும் இல்லை. ஃபிளாரன்ஸுக்குப் பிறகு கிடைத்த கணினிகளையெல்லாம் பிடித்து அலசினார்கள். 1996 ஜனவரியில் இரண்டு புதிய கோள்களை அறிவித்தார்கள். அவை அதுவரை அவர்கள் தரவுக்குள்ளேயே கிடந்தவை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. “குறுகிய சுற்றுக்காலத்தையும் ஒரு தரம் தேடிப் பாரேன்” என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் காபி குடிக்கும்போது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

அடுத்தது ஏம்ஸ். அங்கே வில்லியம் பொருக்கி, கடப்பு முறையில் பூமி அளவுக் கோள்களைத் தேடும் விண்கலம் ஒன்று வேண்டும் என்று 1992 முதல் நாசாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு முறை நிராகரித்தார்கள். உணர்கருவிக்கு அவ்வளவு துல்லியம் வராது என்றார்கள், ஒரே நேரத்தில் அத்தனை விண்மீன்களை அளக்க முடியாது என்றார்கள். ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் அவர் ஒரு சோதனை செய்து காட்டினார். அதற்கான சோதனைக் கேமரா ஒன்று அதே லிக் மலையில்தான் வேலை செய்தது. 2001இல் திட்டம் தேர்வானது. 2009 மார்ச்சில் கெப்ளர் விண்கலம் ஏறியது. சிக்னஸ், லைரா விண்மீன் குழுக்களின் பக்கம் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விண்மீன்களைக் கண்கொட்டாமல் பார்த்தது. 2018 அக்டோபரில் எரிபொருள் தீர்ந்து ஓய்வுபெற்றபோது அதன் கணக்கில் 2,600க்கும் மேற்பட்ட கோள்கள்.

கோளாக இருக்கலாம் என்ற சந்தேகங்களைத்தான் கெப்ளர் தந்தது; அவற்றை உறுதிசெய்யத் தரையில் ஆள் வேண்டியிருந்தது. ஏம்ஸில் சந்தேகப் பட்டியல், பெர்க்லியிலும் சாண்டா குரூஸிலும் நிறமாலை அளப்பவர்களும் கோள் உருவாகும் விதத்தைக் கணக்கிடுபவர்களும், ஸ்டான்ஃபோர்டில் நேரடியாகப் படம் பிடிப்பவர்கள். ஆட்களும் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஏம்ஸில் கெப்ளர் திட்டத்தின் அறிவியலாளராக இருந்த நடாலி படாலியா பிறகு சாண்டா குரூஸுக்குப் போய், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி முதலில் பார்த்த புறக்கோள்களுக்கான குழுவை நடத்தினார். வாஸ்ப்-39பி என்ற கோளின் வளிமண்டலத்தில் கார்பன் டைஆக்சைடு இருப்பதை 2022இல் அறிவித்தது அந்தக் குழு. இத்தனை பேர் இவ்வளவு அருகில் இருந்தால் கூடிப் பேசாமல் இருப்பதுதான் அதிசயம்.

அன்று என்ன நடக்கும்?

ஒன்பது மணி வாக்கில் காபி. பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடப் பேச்சுகள், ஒவ்வொன்றுக்கும் பின் இரண்டு மூன்று நிமிடக் கேள்விகள். நடுவில் சுவரொட்டி வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு நிமிடம் மேடையேறித் தங்கள் வேலையை விளம்பரம் செய்வார்கள். மதியச் சாப்பாடு. மறுபடி பேச்சுகள். நான்கரை, ஐந்துக்கு முடிந்துவிடும். ஒரே அரங்கம், ஒரே வரிசை. பெரிய மாநாடுபோல எந்த அறைக்குப் போவது என்று அட்டவணையோடு ஓட வேண்டியதில்லை. விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். வளிமண்டலக்காரர் தூசுத் தட்டுகளைப் பற்றிக் கேட்பார். கணக்குப் போடுகிறவர் கண்ணாடித் துடைப்பைப் பற்றிக் கேட்பார். எனக்கு இதில் பாதி புரியாது. ஆனால் பிறகு எப்போதாவது கைகொடுத்த விஷயங்கள் அந்தப் புரியாத பாதியிலிருந்துதான் வந்திருக்கின்றன.

என் ஆய்வு முடியவில்லை. முடிவு தப்பாகக்கூட இருக்கலாம். பேசலாமா?

பேச வேண்டும். இதற்குப் பதிலாக ஒரு கதை சொல்கிறேன். பழைய கதை, ஆனால் இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

1991 ஜூலையில் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ லைன் குழு, ஒரு துடிவிண்மீனை, அதாவது சீரான இடைவெளியில் ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் விண்மீன் எச்சத்தை, சுற்றும் கோளைக் கண்டதாக அறிவித்தது. சுற்றுக்காலம் ஆறு மாதம். உலகமே கொண்டாடியது. 1992 ஜனவரியில் அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்துக்கு அட்லாண்டாவுக்கு அவரை அழைத்திருந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் அவருக்குத் தவறு தெரிந்தது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் அல்ல என்பதைக் கணக்கில் சரியாகக் கழிக்கவில்லை. அந்த ஆறு மாத ஆட்டம் பூமியின் ஆட்டம். கோள் இல்லை, கோளாறுதான்.

லைன் அட்லாண்டாவுக்குப் போனார். நிரம்பிய அரங்கில் எழுந்து நின்று, கோள் இல்லை, தவறு எங்களுடையது, காரணம் இது என்று சொன்னார். அரங்கம் நெடுநேரம் கைதட்டியது. அவருக்கு அடுத்துப் பேசிய அலெக்சாண்டர் வோல்ஷான், வேறொரு துடிவிண்மீனைச் சுற்றும் கோள்களைப் பற்றிப் பேசினார். அவை நிலைத்தன. நாம் அறிந்த முதல் புறக்கோள்கள் அவைதான்.

லைன் உலகறிய அறிவித்துவிட்டு உலகறியத் திருத்த வேண்டியதாயிற்று. உங்களுக்கு அந்த நிலை வரவேண்டாம் என்றுதான் பக்கத்து ஊரில் ஐம்பது பேர் முன்னிலையில் பேசச் சொல்கிறேன். ஆறு மாதச் சுற்றுக்காலம், ஓராண்டுச் சுற்றுக்காலம், நிலவின் மாதத்துக்கு நெருங்கிய சுற்றுக்காலம் என்றெல்லாம் நீங்கள் சொன்னால், முன்வரிசையில் இருப்பவர்களின் புருவம் தானாக உயரும். அந்தப் புருவங்களைப் பார்க்கத்தான் போகிறோம்.

பத்து நிமிடப் பேச்சை எப்படித் தயாரிப்பது?

அறிமுகத்தைக் குறையுங்கள். “1995இல் 51 பெகாசி பி கண்டுபிடிக்கப்பட்டது” என்று தொடங்கும் பேச்சு அன்று ஐந்தாவது முறையாக அதைச் சொல்லும். வந்திருப்பவர்களில் சிலர் அந்த ஆண்டு தொலைநோக்கி அருகே இருந்தவர்கள்!

ஒரே ஒரு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்து, அச்சுகள் எவை, ஒவ்வொரு புள்ளியும் எது என்று நிதானமாகச் சொல்லுங்கள். எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்பதைக் கடைசிப் பக்கத்துக்கு ஒதுக்கிவைக்காதீர்கள். அங்கே போவதற்குள் மணி அடித்துவிடும். நான் முதல்முறை பேசியபோது பதினெட்டுப் பக்கங்களோடு போய், பதினோராம் பக்கத்தில் இறக்கிவிடப்பட்டேன். என் கேள்வி பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆங்கிலமும் தடுமாறுகிறது.

நம் வகுப்பறைகளில் கேள்வி கேட்பது ஆசிரியரைச் சோதிப்பதுபோல் ஆகிவிடும் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் ஒரு நாளில் போகாது. சிறிய கேள்வியில் தொடங்குங்கள். “அந்தப் புள்ளிகளின் பிழை எவ்வளவு?”, “எத்தனை இரவுகள் பார்த்தீர்கள்?” இவை எளிமையான கேள்விகள், ஆனால் பேசுகிறவரை உண்மையிலேயே யோசிக்க வைப்பவை. அரங்கில் முடியாவிட்டால் காபி மேசையில் கேளுங்கள். ஒரு பெரிய பேராசிரியரிடம் நான் இரண்டு ஆண்டுகள் பேசாமலே தள்ளி நின்றேன். கடைசியில் அவர்தான் என்னிடம் வந்து பால் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அரங்கில் பாதிப் பேர் வேறு வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள்.

சுவரொட்டி போட்டால் மதிப்புக் குறைவா?

இல்லை. பேச்சுக்குப் பிறகு மூன்று நிமிடம் கேள்வி. சுவரொட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் கேள்வி. தொடக்க நிலையில் இருக்கிறவர்களுக்கு நான் சுவரொட்டியைத்தான் சொல்வேன். எழுத்தைக் குறைத்துப் படத்தைப் பெரிதாக்குங்கள். துணியில் அச்சடித்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

நான் சொல்வதைக் கேட்டுவிட்டு வேறொருவர் முந்திக்கொள்ள மாட்டாரா?

நியாயமான பயம். தொலைநோக்கித் தரவுகள் பல பொதுவில் கிடைக்கும் காலம் இது. கெப்ளருக்குப் பிறகு கடப்புகளைத் தேட அனுப்பிய டெஸ் விண்கலத்தின் தரவை நீங்கள் இறக்கும் அதே நொடியில் வேறு நாட்டில் ஒருவரும் இறக்கிக்கொண்டிருப்பார். என் அனுபவத்தில், எதிரே உட்கார்ந்து கேட்ட பக்கத்து ஊர்க்காரர் திருடுவது மிக அரிது. நாற்பது பேர் சாட்சி இருக்கிறார்களே. உண்மையில் நடப்பது வேறு. இருவரும் ஒரே விண்மீனைத் துரத்திக்கொண்டிருப்பது அங்கேதான் தெரியவரும். அப்போது சேர்ந்து ஒரு கட்டுரையாக எழுதலாம், அல்லது ஒரே நாளில் இரண்டு கட்டுரைகளாக வெளியிடலாம். விண்மீனின் பெயரைச் சொல்லாமல் “இலக்கு ஒன்று” என்று பேசுகிறவர்களும் உண்டு. யாரும் தப்பாக நினைப்பதில்லை. பேச்சின்போது திரையைப் படம் எடுப்பதற்கு முன் பேசுகிறவரின் அனுமதியைக் கேளுங்கள். அவர் மூலையில் “பகிர வேண்டாம்” என்று போட்டிருந்தால் கைப்பேசியைக் கீழே வையுங்கள்.

ஏம்ஸில் நடந்தால் உள்ளே போவது எப்படி?

இதில்தான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். அது அரசு வளாகம். வாயிலில் காவல் உண்டு. அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு முன்கூட்டியே பெயர், பாஸ்போர்ட் விவரங்கள் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். பதிவுப் படிவத்தில் குடியுரிமை கேட்டால் அது சம்பிரதாயம் என்று நினைத்துக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். அன்று அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நகல் உதவாது. பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கார் இல்லாதவர்கள் கால்ட்ரெயினில் மவுண்டன் வியூ வரை வந்து, அங்கிருந்து சிறு ரயிலில் பேஷோர் நாசா நிறுத்தத்தில் இறங்கலாம். சாண்டா குரூஸிலிருந்து வருகிறவர்கள் 17ஆம் நெடுஞ்சாலையின் மலை வளைவுகளைத் தாண்டி வரவேண்டும்; காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பின் இருக்கையில் உட்கார வேண்டாம் என்பது அனுபவம். கூட்டாகக் காரில் வருவதுதான் உத்தமம். வழிதவறினால், 1930களில் வான்கப்பல் நிறுத்தக் கட்டிய பிரம்மாண்டமான ஹேங்கர் ஒன்று தூரத்திலேயே தெரியும். அதை நோக்கி வாருங்கள்.

கட்டணம்? சாப்பாடு?

இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்காது, இருந்தாலும் சாப்பாட்டுச் செலவு அளவுக்குத்தான். ஒரு மாணவரின் தந்தை ஊரிலிருந்து அழைத்து, “தம்பி, எவ்வளவு பணம் அனுப்பணும்?” என்று கேட்டார். “அய்யா, பஸ் டிக்கெட்டுக்குப் போதும்” என்றேன். சைவம் என்று படிவத்தில் எழுதினாலும் ரொட்டிக்குள் இலையும் தக்காளியும்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். மாலையில் சன்னிவேல் பக்கம் எல் கமினோ ரியல் சாலைக்குப் போனால் சாம்பார் இருக்கிறது.

நான் ஆய்வாளன் இல்லை, ஆர்வலன். வரலாமா?

அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். ஆனால் இது பொதுமக்களுக்கான சொற்பொழிவு அல்ல. முதல் பேச்சிலேயே தலை சுற்றும் என்பதை மனத்தில் வையுங்கள்.

அதே சமயம், ஆர்வலர்களுக்கு இந்தத் துறையில் உண்மையான வேலை இருக்கிறது. வியாழன் அளவுக் கோள் கடந்தால் விண்மீனின் ஒளி ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறையும். வீட்டு மாடியில் வைக்கும் சிறிய தொலைநோக்கியும் ஒரு கேமராவும் இருந்தால் அதை அளந்துவிடலாம். கடப்பு நேரம் சில நிமிடம் முன்னே பின்னே போகிறதா என்று பல ஆண்டுகள் பார்த்துவருவதற்குப் பெரிய தொலைநோக்கிகளில் நேரம் கிடைக்காது. ஆர்வலர்கள் அந்தத் தரவைத் தருகிறார்கள். கணினி போதும் என்பவர்கள், கெப்ளர் வரைபடங்களைக் கண்ணால் பார்த்து ஐயங்களைக் குறிக்கும் குடிமக்கள் திட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். ஒழுங்கில்லாமல் மங்கும் கேஐசி 8462852 என்ற விண்மீனைக் கவனித்தவர்கள் அதன் தன்னார்வலர்கள்தான். கணினி நிரல் சீரான இடைவெளியில் வரும் மங்கலைத் தேடுவதற்கென்று எழுதப்பட்டது.

உயிர் கிடைத்துவிட்டதாமே?

உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி. இல்லை.

124 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கே2-18பி என்ற கோளின் வளிமண்டலத்தில் டைமெதில் சல்பைடு என்ற வாயுவின் சாயல் தெரிவதாக, கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு 2025 ஏப்ரலில் சொன்னது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. செய்தித்தாள்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டன. அந்தக் குழுவே தங்கள் சான்று, கண்டுபிடிப்பு என்று சொல்லத் தேவையான அளவுக்குக் கீழேதான் இருக்கிறது என்று சொல்லியிருந்தது. அதே தரவை வேறு முறையில் அலசிய மற்றக் குழுக்கள் அந்தச் சாயல் வலுவாக இல்லை என்றன. அந்தக் கோளில் கடல் இருக்கிறதா, அடர்ந்த வாயுப் போர்வைதான் இருக்கிறதா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு.

கூட்டத்தில் இதைவிடச் சூடான வாக்குவாதங்கள் வேறு இடத்தில் நடக்கும். 2017இல் கெப்ளர் கோள்களின் விண்மீன்களை ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியில் துல்லியமாக அளந்தபோது, பூமியைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரு மடங்கு வரை விட்டமுள்ள கோள்கள் குறைவாக இருப்பது தெரிந்தது. அதற்குச் சிறியவையும் உண்டு, பெரியவையும் உண்டு. நடுவில் ஒரு பள்ளம். விண்மீனின் எக்ஸ் கதிர்கள் வளிமண்டலத்தை உரித்துவிட்டனவா, கோளின் சொந்தச் சூடே அதை ஊதித் தள்ளியதா? இந்தக் கேள்விக்குக் குரல் உயர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். உயிர் பற்றிப் பேசும்போது எல்லோரும் அடக்கி வாசிப்பார்கள்.

நடத்தை நெறி என்று ஒரு பக்கத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். எதற்கு?

படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மேலே சொன்ன மார்சி, பெர்க்லியின் பாலியல் தொந்தரவு விதிகளை மீறினார் என்று பல்கலைக்கழக விசாரணை முடிவு செய்தது. செய்தி வெளியானதும் 2015 அக்டோபரில் அவர் பதவி விலகினார். இந்தத் துறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று அது. மாணவியர் பல ஆண்டுகள் பேச இடமில்லாமல் இருந்தார்கள் என்பது இங்குள்ள எல்லோருக்கும் ஆறாத வடு. அதனால்தான் சிறிய கூட்டத்தில்கூட, தொந்தரவு நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்று காலையிலேயே இருவரை எழுப்பி நிறுத்தி முகம் காட்டுகிறார்கள். பெண்ணைத் தனியே அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது: அந்த இருவரின் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அனுப்புங்கள்.

நம் ஊருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. அதிலும் கோளாறுதான் முதலில் வருகிறது. 1855இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை வானாய்வகத்தில் இருந்த வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் ஒரு பிசகைக் கண்டு, அங்கே கோள் போன்ற ஒரு பொருள் இருக்கக்கூடும் என்று எழுதினார். நுங்கம்பாக்கத்திலிருந்து, 51 பெகாசிக்கு 140 ஆண்டுகளுக்கு முன்னால்! புறக்கோள் பற்றிய மிகப் பழைய அறிவிப்புகளில் ஒன்று அது. பிறகு அது நிலைக்கவில்லை. 1890களில் அதே விண்மீனுக்கு அமெரிக்காவில் தாமஸ் சீ மீண்டும் கோள் கோரினார். அப்படி ஒரு பாதை நிலைத்திருக்க முடியாது என்று 1899இல் மோல்டன் காட்டினார். ஜேக்கப்பின் அளவைப் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க நுங்கம்பாக்கத்தில் யார் இருந்திருப்பார்கள்?

இன்னொரு தொடர்பு கொடைக்கானல். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்கே ஜான் எவர்ஷெட் டாப்ளர் பெயர்ச்சியைக் கொண்டு கண்டார். இன்று ஆரத் திசைவேகக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இந்த மாதிரி விண்மீன் மேற்பரப்புச் சலனங்கள்தான். 9 சென்டிமீட்டரைத் தேடும்போது அவை மீட்டர் கணக்கில் ஆடுகின்றன. கூட்டத்தில் யாராவது எவர்ஷெட் பெயரைச் சொன்னால் நான் மட்டும் நிமிர்ந்து உட்காருவேன்.

இந்தியாவில் இன்று புறக்கோள் வேலை நடக்காமல் இல்லை. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் அபு மலையிலுள்ள 1.2 மீட்டர் தொலைநோக்கியில் பாரஸ் என்ற நிறமாலைமானியைப் பொருத்தி, சனியைவிடச் சிறிய ஒரு கோளின் நிறையை அளந்து 2018இல் அறிவித்தார்கள். நம் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பெங்களூரில் வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே காரில் ஒரு நாளில் போய்த் திரும்பலாம்.

மாலை எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

நிகழ்ச்சி ஐந்து மணிக்கு முடிந்துவிடும். ஆனால் 101ஆம் நெடுஞ்சாலை அந்த நேரத்தில் நகராது. ஏழு மணி வரை யாரும் காரை எடுப்பதில்லை. மீந்த காபியும் பிஸ்கட்டும் மேசையில் இருக்கும். மடிக்கணினிகளை மூடியவர்கள் மறுபடி திறப்பார்கள். போன முறை அப்படித்தான் ஒரு மாணவி, காலையில் காட்டாமல் வைத்திருந்த வரைபடத்தைத் திறந்து, “இது என்னவென்று தெரியவில்லை” என்றாள். நான்கு பேர் குனிந்து பார்த்தோம். சுற்றுக்காலம் 29 நாள் என்று இருந்தது.

“நிலவு எங்கே இருந்தது, பார்த்தாயா?” என்றார் ஒருவர்.